கதவில் வரைந்த கரை

கடலில் மிதந்து வரும் பாசியைப் பற்றி என்னளவு தெரிந்த தமிழன் ஜொகூர் சீமையிலேயே கிடையாது என்று ஒரு காலத்தில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது என்று எழுதலாம். ஆனால் வரவில்லை. அந்த நினைப்பினால் ஒரு மனிதன் செத்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமையும் இல்லை, மிச்சமிருக்கும் வயதும் போதாது.

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நாலு எழுத்து இங்கிலீஷ் படித்ததும் கப்பலேறி, லாபிஸ் பக்கத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பிறகு ரப்பர் விலை பாதாளத்துக்குப் போன வருடங்கள் வந்தன. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கிராணிமார் மட்டும் என்ன, வானத்திலிருந்தா குதித்தவர்கள்? எங்களையும் கழித்தார்கள். எனக்கு எப்படியோ ஜொகூரின் கிழக்குக் கரையில் ஒரு தோட்டத்துக்கு மாற்றல் கிடைத்தது. தென்னையும் கொஞ்சம் ரப்பரும் போட்ட தோட்டம். அங்கே ஏற்கனவே ஒரு கிராணி இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர், பிள்ளைகுட்டிக்காரர். இரண்டு பேரில் ஒருவர்தான் நிலைக்க முடியும் என்று தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை முதல் நாளே சொல்லிவிட்டார்.

அதனால் நான் என்னைக் காட்டிக்கொள்ள வழி தேடிக்கொண்டிருந்தேன். வழியைத் துரையே திறந்துவிட்டார். உரம் வாங்கக் கம்பெனி காசு அனுப்புவதை நிறுத்தியிருந்தது. துரையின் ஊரில், கடலோரத்துக் குடியானவர்கள் ஒதுங்கிய பாசியை வாரி வயலில் போடுவார்களாம். சின்ன வயதில் பார்த்திருக்கிறார். நமக்குத்தான் வாசலிலேயே கடல் இருக்கிறதே, தென்னைக்குப் பாசியைப் போடலாமே என்றார். ஒரு கங்காணியின் கீழ் பன்னிரண்டு பேரைப் பாசி அள்ள விட்டார்கள். பாதிப்பேர் பெண்கள். அள்ளிய பாசியை மேட்டில் பரப்பி, மழையில் உப்புக் கழுவவிட்டு, பிறகு தென்னையைச் சுற்றிப் பள்ளம் தோண்டிப் புதைக்க வேண்டும். எந்தக் கரையில் எப்போது பாசி கிடக்கும் என்று பார்த்து ஆளை அனுப்புவது என் பொறுப்பு.

தோட்டத்துக்கு நேர் எதிரே ஒரு பாறை முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பாசி வளர்வது அதைச் சுற்றியுள்ள பாறைகளில். முனைக்குத் தெற்கே ஒரு குடா, தொழிலாளர் லயத்திலிருந்து கூப்பிடு தூரம். முனைக்கு வடக்கே இன்னொரு குடா. ஆனால் அங்கே போக ஓர் ஆற்று முகத்தைக் கடக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் சேறு, இரண்டு பக்கமும் கண்டல் காடு. அந்த ஆற்றில் முதலை இருக்கிறது என்று லயத்தில் குழந்தைகூடச் சொல்லும். பார்த்தவர் யார் என்று கேட்டால் பக்கத்து லயத்துக்காரரைக் காட்டுவார்கள்.

பாசியைப் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் பொய்யில்லை. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அது பாறையில் விரல் நீளத்துக்கு மேல் இராது. புரட்டாசியில் துளிர்விடும். கார்த்திகைக்குள் ஆளுயரம் வளர்ந்துவிடும். கடல் வற்றும் நேரத்தில் அதன் தலைகள் தண்ணீர்மேல் படுத்துக் கிடக்கும். மிளகளவு காற்றுக் குமிழ்கள் அதில் கொத்துக் கொத்தாக இருக்கும். அவைதான் அதைத் தூக்கிப் பிடிக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் காய்த்து முடிந்ததும் தண்டு நைந்துபோகும். அப்போது வடகிழக்குக் காற்றின் அலை ஓர் இழுப்பு இழுத்தால் மேல்பாகம் அறுந்து மிதக்கும். அடி பாறையிலேயே இருந்து அடுத்த வருடம் மறுபடி துளிர்க்கும். அறுந்தவை ஒன்றோடொன்று பின்னிப் பாய் பாயாகப் போகும். ஒரு பாயைத் தூக்கி உதறினால் நகமளவு நண்டுகளும், பாசி நிறத்திலேயே மீன்குஞ்சுகளும் கொட்டும். அறுந்த புதிதில் தேன் நிறம், கையில் வளையும். பத்து நாள் மிதந்தால் கறுக்கும், குமிழ்கள் உதிரும், சிப்பிப் பொடி ஒட்டிப் பாரமேறும். ஒரு கைப்பிடியை முகர்ந்து பார்த்து அது எத்தனை நாள் கடலில் கிடந்தது என்று என்னால் சொல்ல முடியும். சொல்லியும் காட்டுவேன், யாரும் கேட்காமலே.

அலுவலகத்தின் பின்கதவு தார் பூசிய பலகைக் கதவு. அதன் உட்புறத்தில் பள்ளிக்கூட வெண்கட்டியால் எங்கள் கரையை வரைந்தேன். முனை, ஆறு, இரண்டு குடாக்கள் எல்லாம் சரியான அளவில். ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கே பாசி ஒதுங்கியதோ அங்கே ஒரு வட்டம் போடுவேன். வட்டத்துக்குள் மாதத்தின் பெயர். துரைக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பக்கத்துத் தோட்டத் துரை விருந்துக்கு வந்தபோது, கண்ணாடிக் குவளையும் கையுமாக அவரைக் கூட்டிவந்து கதவைக் காட்டினார். மூத்த கிராணி அன்றைக்கு விளக்கு வைக்கும் வரை குனிந்து கணக்கெழுதிக்கொண்டிருந்தார்.

பாசி அள்ளும் கூட்டமும் தினம் காலையில் முன்வாசல் வழியே அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டுதான் போகும். அவர்களில் ஒருவனுக்கு மட்டும் கடல் தெரியும். ராமநாதபுரத்துக் கரையிலிருந்து வந்தவன், பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கடலில் கிடந்த குடும்பம். அவன் மனைவியும் அதே கூட்டத்தில் கூடை சுமந்தாள். ஒரு நாள் அவன் கதவைப் பார்த்து நின்று சிரித்தான்.

"பாசிய மட்டும் போட்டாப் பத்துமா ஐயா? அள்ளுற ஆளையும் போடுங்க."

"ஆளைப் போட இடம் காணாது. வேலையைப் பார்," என்றேன். கிராணிக்குரிய மிடுக்கோடுதான் சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

கதவில் வட்டங்கள் எல்லாமே தெற்குக் குடாவில்தான் இருந்தன. கார்த்திகையிலிருந்து மாசி வரை அது சரி. காற்றும் நீரோட்டமும் தெற்கே தள்ளும் மாதங்கள் அவை. பங்குனியில் காற்று ஓய்ந்த பிறகும் வட்டங்கள் தெற்கிலேயே விழுந்தன, சித்திரையிலும் அப்படியே. வடக்குக் குடாவில் ஒரு வட்டம்கூட இல்லை. ஏனென்றால் நான் அங்கே போனதில்லை. முதல் வருடம் ஒரு தடவை ஆற்று முகம் வரை போனேன். சப்பாத்துச் சேற்றில் புதைந்தது. கண்டல் வேர்களுக்கு நடுவில் ஏதோ சளக்கென்று விழுந்தது. திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை கங்காணியைக் கேட்பதோடு சரி.

"வடக்குப் பக்கம் பாசி கிடக்குதோ?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. வெறும் மணலு. காக்கா கூட எறங்காது."

எனக்கு வேண்டிய பதில் அதுதான். அவருக்கும் சொல்ல வேண்டிய பதில் அதுதான். அவருடைய ஆட்கள் முதலைக்குப் பயந்தார்கள். பாசி வடக்கே கிடக்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், தினமும் தலையில் கூடையோடு அந்தச் சேற்றைக் கடக்க வேண்டும். அதனால் பங்குனியில் தெற்கே பாசி நின்றதும், புதர் மூலையில் மாசியிலிருந்து கிடந்த கறுத்த பாசியை இழுத்துக் கடல் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து கொட்டினார்கள். முகர்ந்து பார்த்து வயது சொல்கிறவனாயிற்றே நான், எனக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தது. பாசி ஏன் கறுத்திருக்கிறது என்று கேட்டேன்.

"தூரத்துலேருந்து வருதுங்க ஐயா. அதான் கறுத்துப் போச்சு."

அதை வைத்துக்கொண்டு நான் ஒரு சித்தாந்தமே கட்டினேன். பங்குனி, சித்திரை மாதங்களில் எங்கள் பாறையில் பாசி தீர்ந்துவிடுகிறது; வடக்கேயுள்ள தீவுகளில் அறுந்த பாசி பல நாள் மிதந்து கறுத்து எங்கள் தெற்குக் குடாவுக்கு வந்து சேர்கிறது; ஆகவே இந்தக் கரையில் நீரோட்டம் வருடம் முழுவதும் தெற்கே போகிறது. துரையிடம் இங்கிலீஷில் விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அந்தச் சித்திரையில் ஒரு நாள் வடக்குப் பக்கத்திலிருந்து அழுகிய பாசி நாற்றம் அலுவலகம் வரை வந்தது. என்ன நாற்றம் என்று துரை கேட்டார். காட்டுப் பன்றி செத்துக் கிடக்கும் என்றேன்.

இரண்டாம் வருடப் பங்குனிக் கடைசியில் துரை மேட்டுக்கு வந்து குவியலைக் கம்பால் கிளறினார். முழுவதும் கறுத்த பாசி. இது மண்ணுக்குச் சமம், புதுப் பாசி வேண்டும் என்றார். நான் அதை அப்படியே கங்காணியிடம் இறக்கினேன்.

"நாளைக்குப் புதுப் பாசி வரவேணும். எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது."

மறுநாள் காலை கங்காணி ஆற்றைக் கடக்கச் சொல்லவில்லை. கடல் தெரிந்தவனைக் கூப்பிட்டு, தோட்டத்துச் சின்னப் படகான சம்பானை எடுத்துக்கொண்டு முனைக்கு வெளியே மிதக்கும் பாயில் கொஞ்சம் வாரிவரச் சொன்னார். அவன் பாசி இழுக்கும் நீளக் கம்பு வாரி ஒன்றையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். மனைவி கரையில் கூடையோடு காத்திருந்தாள்.

வெயில் ஏறும் நேரத்தில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. சுமத்ராக் காற்று என்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வரும், ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் உலுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் போய்விடும். மழையில் முனையே தெரியவில்லை. மழை விட்டபோது கடல் சாதுவாகக் கிடந்தது. சம்பானும் இல்லை, அவனும் இல்லை. எந்தப் பக்கம் போனான் என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அலுவலகத்தில் கூடினோம். துரை, நான், கங்காணி, தெற்கே இருந்த கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, ஆள் விட்டு அழைத்த மலாய் மீன்பிடிகாரர் ஒருவர். கடலில் போகத் தகுந்த படகுகள் இரண்டு அவரிடம் இருந்தன. வடக்கா தெற்கா என்பதுதான் கேள்வி. இரண்டு பக்கமும் பிரித்து அனுப்பினால் ஒரு பக்கமும் ஒழுங்காகத் தேட முடியாது, ஒன்றாய்ப் போய் ஒரு பக்கத்தை அலசுவதே சரி என்று துரை சொன்னார். மீன்பிடிகாரர் மலாயில் பேசினார். நீரோட்டம் திரும்பி எட்டு நாளாகிறது, காற்றும் தென்மேற்கிலிருந்து அடித்தது, ஆள் வடக்கேதான் போயிருப்பான் என்றார். தை மாசியில் தெற்கே போன பாசியே இப்போது திரும்பி வடக்கே போய்க்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார்.

துரை கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் சித்தாந்தத்தைச் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. மீன்பிடிகாரர் கதவருகே போய், வடக்குக் குடாவில் விரலை வைத்து, மிக மரியாதையாகக் கேட்டார். இங்கே இப்போது பாசி கிடக்கிறதா?

அன்றைக்குக் கேட்க வேண்டியிருந்தது அந்த ஒரு கேள்விதான்.

நான் கங்காணியின் பக்கம் திரும்பினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க ஐயா," என்றார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சந்தேகம் என்று எழுதி என்னைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டேன், தெரிந்தது. கறுத்த பாசியும், சித்திரை நாற்றமும், அவருடைய தலைகுனிவும் ஒன்றுசேர்ந்து எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டன. இரண்டு வருடம் துரையிடம் பொய் சொன்னது வெளிவந்தால் அந்த மனிதரும் அவருடைய ஆட்களும் அடுத்த கப்பலில் ஏற வேண்டும். என் கதவு பொய்யென்று தெரிந்தால் நானும் ஏற வேண்டும். அவர் வாயை மூடிக்கொண்டதற்குப் பின்னால் பன்னிரண்டு பேருடைய சோறு இருந்தது. நான் மூடிக்கொண்டது என் ஒருவனுக்காக.

"வடக்கில் இல்லை," என்று துரைக்கு இங்கிலீஷிலும் மீன்பிடிகாரருக்கு மலாயிலும் சொன்னேன். மீன்பிடிகாரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். படகுகள் தெற்கே போயின.

அவன் மனைவி வாசலில் நின்றிருந்தாள். புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"எந்தப் பக்கம் போறாங்க ஐயா?"

"தெற்கே. பயப்பிடாதை. பின்னேரத்துக்குள்ளை கூட்டிக்கொண்டு வருவினம்."

அவள் என் தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் தெற்குக் குடாவுக்கு நடந்தாள்.

அன்று படகுகள் வெறுமனே திரும்பின. மறுநாளும் தெற்கே போயின, இன்னும் தூரம் போய்த் திரும்பின. அந்த இரண்டு நாளும் அவள் தெற்குக் குடாவின் மணலைவிட்டு எழுந்திருக்கவில்லை என்று சொன்னார்கள். யாரோ கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முதல் நாள் மாலையே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன் என்றுகூட எழுத முடியவில்லை. இரண்டாம் நாள் பொழுது சாயும் முன் நான் மட்டும் தனியே ஆற்று முகம் வரை போனேன். நீர் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையிலிருந்து காற்று வந்தது, புதுப் பாசியின் வாசம். அறுந்து நாலைந்து நாள்தான் இருக்கும் என்று மூக்குச் சொன்னது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அக்கரையைப் பார்த்து ஒரு குரல் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். கூப்பிட்டு, பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயமாக இருந்தது. திரும்பி வந்து குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, கடல் வற்றிய நேரத்தில், கூட்டத்துப் பெண் ஒருத்தி அலுவலகத்துக்கு ஓடிவந்தாள்.

"அவரு பொஞ்சாதி ஆத்தத் தாண்டிப் போயிருச்சுங்க ஐயா. சொல்லச் சொல்லக் கேக்கல. தனியாப் போயிருச்சு."

துரை வரவில்லை, மற்ற எல்லோரும் போனோம். கங்காணியும் வந்தார். துணி நனையச் சேற்றில் இறங்கினோம். முதலை ஒன்றும் வரவில்லை. இரண்டு வருடம் நாங்கள் பயந்த அந்த ஆற்றைக் கடக்க ஒரு சுருட்டுப் பிடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

வடக்குக் குடாவில் கரை நெடுகப் பாசி. சவுக்கு மரங்களின் அடியில் போன வருடத்துப் பாசி சருகாகிக் கிடந்தது. அதற்குக் கீழே ஒரு வரி கறுத்தது, அதற்கும் கீழே ஈரத்தோடு இந்த வாரத்தது, தேன் நிறம் மாறாமல். கதவில் நான் எழுதியிருக்க வேண்டியதெல்லாம் அங்கே மணலில் வரிசையாகக் கிடந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

அவன் மேட்டு வரிக்குப் பக்கத்தில் கிடந்தான். கடல் கொண்டுவந்து போட்ட உடம்பு இல்லை அது. பாறையில் அடிபட்டு வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தது. வாரியின் கம்பை உடைத்து அணை வைத்து, சம்பான் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தான். தண்ணீர் விளிம்பிலிருந்து மேடு வரை அவன் ஊர்ந்து வந்த தடம் பாசியில் பள்ளமாகத் தெரிந்தது. உலர்ந்த பாசியை வாரிப் படுக்கை போட்டு, வெயிலுக்கு ஈரப் பாசியை மேலே இழுத்து மூடியிருந்தான். பக்கத்தில் கையால் தோண்டிய குழி. குடிக்க நீர் கிடைத்ததோ என்னவோ. சின்ன நண்டோடுகள் ஒரு பிடி. வாரியின் மிச்சக் கம்பைக் குத்தி நிறுத்தி அதில் தலைத்துண்டைக் கட்டியிருந்தான். துண்டு எங்கள் பக்கம் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தலைமயிரிலும் தாடியிலும் சிக்கியிருந்த பாசியை ஒவ்வோர் இழையாக எடுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவசரப்படவும் இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்த மீன்பிடிகாரர் குனிந்து அவன் கையை மடக்கிப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"தாடி பாகி," என்றார். இன்று காலை என்று அர்த்தம். அந்த அளவு மலாய் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

கங்காணி மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். எனக்கு அழுகை வரவில்லை. நேற்று நான் ஆற்றங்கரையில் நின்றபோது அவன் விழித்திருந்தானா என்பது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. இன்றைக்கும் அது நின்றபாடில்லை.

அங்கேயே சவுக்கு விறகு அடுக்கி எரித்தோம். காரியம் முடியும் வரை லயத்தில் வேலை நிறுத்தி வைத்திருந்தார்கள். துரை வருத்தம் தெரிவித்தார். நீரோட்டம் இந்த வருடம் முன்னதாகத் திரும்பிவிட்டது, யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று நான் சொன்னதை ஒப்புக்கொண்டார். என்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று தோளில் தட்டவும் செய்தார். அந்த மாதக் கடைசியில் மூத்த கிராணிக்குக் கடிதம் கொடுத்தார்கள். ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவர் கப்பலேறினார்.

காரியம் முடிந்த மறுநாள் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்து கதவின் முன்னால் நின்றாள். கழுத்தில் ஒன்றுமில்லை.

"வடக்கால பாசி கெடக்குறது எங்களுக்கெல்லாம் தெரியும் ஐயா. போன வருசமே தெரியும். மொதலைக்குப் பயந்துக்கிட்டு இல்லைன்னு சொன்னோம்."

"பிறகு ஏன் அண்டைக்கு நீ சொல்லேல்லை?" என்று கேட்டேன். கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரிந்தும் கேட்டேன்.

"நாங்க சொன்ன பொய்தான். ஆனா ஐயா அத கதவுல போட்டுட்டீங்க. தொரையும் பாத்துட்டு சரின்னுட்டாரு. தெனம் அதப் பாத்துக்கிட்டேதான் வேலைக்குப் போனோம். படிச்சவங்க போட்டது, அப்படித்தான் இருக்கும், நாங்கதான் சரியாப் பாக்கலையோன்னு எனக்கே ஆயிப்போச்சு. நீங்க தெற்கேன்னு சொன்னதும் நம்பி உக்காந்துட்டேன் ஐயா. ரெண்டு நாளு."

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு கெடந்த எடத்தப் போடுங்க."

வெண்கட்டியை எடுத்தேன். வடக்குக் குடாவில், சவுக்கு மரங்கள் இருக்கும் இடத்தில், ஒரு வட்டம் போட்டேன். அது சரியாக மூடவில்லை. உள்ளே என்ன எழுதுவது என்று தெரியாமல் பங்குனி என்று எழுதினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. வட்டத்தை விரலால் தொடாமல் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"பாசிக்கும் இதேதான் போடுவீங்களா?"

"ஓம்," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை துரை வழக்கம்போல் கதவின் முன்னால் நின்று பார்த்தார். புது வட்டம் அவர் கண்ணில் பட்டது. வடக்குக் குடாவிலும் பாசியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எப்போதிருந்து என்று கேட்டார். அவர் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. வெறுமனே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எல்லாவற்றையும் சொல்ல இன்னொரு தடவை வாசல் திறந்திருந்தது.

"இந்த வாரம் முதல்தான், சார்," என்றேன்.

நல்ல புதுப் பாசியா என்று கேட்டார். நல்ல புதுப் பாசி என்றேன்.

அடுத்த நாள் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, கங்காணி பாசிக் கூட்டத்தை வடக்குக் குடாவுக்குப் போகச் சொன்னார். யாரும் முதலையைப் பற்றிப் பேசவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற அவளும் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனாள்.